அரிப்பைத் தீர்க்குமா வெள்ளை மாத்திரை?

இரவு 11 மணி. தெரு அடங்கிவிட்டது. ஆனால் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது.

6 வயதுப் பையன் தூங்காமல் அழுகிறான். விரல் இடுக்குகளைச் சொறிகிறான். இடுப்பைச் சொறிகிறான். சொறிந்த இடம் சிவந்து புண்ணாகிவிட்டது. தாய் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக் கொண்டிருக்கிறாள்.

கோவை சரவணம்பட்டியில் இப்படி ஒரு வீடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சரவணம்பட்டி, சத்தியமங்கலம் சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டமும் காடுமாக இருந்த ஊர். 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. இப்பொழுது அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்கு மாடி வீடுகளும் எழுந்து நிற்கின்றன. ஊர் மாறிவிட்டது. ஆனால் குழந்தைக்கு அரிப்பு வந்தால் தாய் படும் பாடு மட்டும் மாறவில்லை.

மறுநாள் காலையில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள்.

"அம்மிணி, இது சூடு. வேப்பிலையை அரைச்சுப் பூசி விடு" என்கிறார், மாமியார்.

"வெள்ளை மாத்திரை குடு அம்மிணி. சல்பர் 30. என்ர பையனுக்கு அதுலதான் நின்னுச்சு" என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா.

"சல்பர் எதுக்கு? நீர் வடியுற புண்ணுக்குக் கிராபைட்டிஸ்தான் கேக்கும்" என்கிறார், எதிர் வீட்டுப் பெரியம்மா.

மருந்துக் கடைக்காரரோ, ஒரு டியூபை எடுத்து நீட்டுகிறார். "இதைப் பூசுங்க. மூணு நாள்ல போயிரும்" என்கிறார்.

"ஏனுங்க அத்தை, இதுல எதைத்தானுங்க குடுக்கிறது?" என்று தாய் திகைத்து நிற்கிறாள்.

நியாயமான கேள்விதான். எந்த மருந்து நல்ல மருந்து? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை மருந்துகள்!

முதலில் அந்த வெள்ளை மாத்திரைகளைப் பார்ப்போம். ஓமியோபதி வைத்தியத்தில் தோல் நோய்க்கு மட்டும் ஏராளமான மருந்துகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பெயர் பெற்றவை சில.

சல்பர் என்பது கந்தகம். அரிப்பும் எரிச்சலும் இருந்தால் இதைக் கொடுப்பார்கள். படுக்கையின் சூட்டிலும், குளித்த பிறகும் அரிப்பு அதிகமானால் இதுதான் மருந்து என்பார்கள்.

ஆர்சனிக்கம் என்பது பாஷாணம். இதுவும் எரிச்சலுக்குத்தான். ஆனால், சூடு பட்டால் சுகமாக இருக்கிறது என்று நோயாளி சொல்ல வேண்டும். சூடு பட்டால் அதிகமாகிறது என்றால் சல்பர். சூடு பட்டால் சுகம் என்றால் ஆர்சனிக்கம்.

கிராபைட்டிஸ் என்பது பென்சிலுக்குள் இருக்கும் கரி. காதின் பின்புறத்திலும், தோல் மடிப்புகளிலும் தேன் போல நீர் வடியும் கரப்பானுக்கு இது.

ரஸ்டாக்ஸ் என்பது அமெரிக்காவில் வளரும் ஒரு நச்சுச் செடி. அதைத் தொட்டாலே உடம்பில் கொப்புளம் கிளம்பும். ஆகவே, அரிக்கும் கொப்புளத்துக்கு இதைக் கொடுப்பார்கள்.

ஏபிஸ் என்பது தேனீ. தேனீ கொட்டினால் வீங்கும் அல்லவா? அதுபோலத் திட்டுத் திட்டாக வீங்கும் காணாக்கடிக்கு இது. துஜா என்பது ஒரு மரம். மருவுக்கு அதைக் கொடுப்பார்கள்.

ஓமியோபதி டாக்டர்கள் நோயாளியிடம் நிறையக் கேள்விகள் கேட்பார்கள். வெயில் பிடிக்குமா, குளிர் பிடிக்குமா, எந்தப் பக்கம் படுப்பாய், கோபம் வருமா என்றெல்லாம் கேட்பார்கள். பிறகு ஒரு மருந்தோடு மற்றொரு மருந்தை ஒப்பிட்டுப் பார்த்து, பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

ஜெர்மனி டாக்டர்

இதைக் கண்டுபிடித்தவர் சாமுவேல் ஹானிமன். ஜெர்மனியில் 1755-ம் ஆண்டு பிறந்தவர். முறைப்படி டாக்டருக்குப் படித்தவர்.

அந்தக் காலத்து வைத்தியம் பயங்கரமானது. நோயாளியின் உடம்பைக் கீறி, கிண்ணம் கிண்ணமாக இரத்தத்தை எடுத்துவிடுவார்கள். பாதரசத்தைக் கொடுப்பார்கள். நோயினால் செத்தவர்கள் போக, வைத்தியத்தால் செத்தவர்களும் உண்டு. இதைக் கண்டு ஹானிமன் மனம் வெறுத்தார்.

மலேரியாக் காய்ச்சலுக்குச் சிங்கோனாப் பட்டை மருந்து. 1790-ல் அந்தப் பட்டையை அவர் தாமே தின்று பார்த்தார். அவருக்குக் காய்ச்சல் வந்தது போல் இருந்தது. நோயைக் குணப்படுத்தும் பொருள், நல்ல உடம்பில் அதே நோயின் குறிகளை உண்டாக்குகிறது என்று அவர் எண்ணினார். முள்ளை முள்ளால் எடுப்பது போல் நோயையும் எடுக்கலாம் என்பது அவர் கொள்கை. 1796-ல் அதை எழுதி வெளியிட்டார்.

அவருடைய மருந்து கசக்காது. இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. இனிப்பான உருண்டை. ஆகவே மக்கள் விரும்பியதில் வியப்பு இல்லை.

இந்தியாவுக்கு வந்தது

1839-ல் ஹோனிக்பர்கர் என்ற ஐரோப்பிய டாக்டர், லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங்குக்கு வைத்தியம் செய்தார். அவர் ஓமியோபதி தெரிந்தவர்.

கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற பெரிய டாக்டர் இருந்தார். முதலில் ஓமியோபதியைக் கேலி செய்தவர். 1867-ல் அந்தப் பக்கமே சேர்ந்துவிட்டார். 1876-ல் அவர் கல்கத்தாவில் ஒரு விஞ்ஞானக் கழகத்தைத் தொடங்கினார். அந்தக் கழகத்தில் ஆராய்ச்சி செய்துதான், 1928-ல் நம் தமிழ்நாட்டு சி.வி.ராமன் உலகப் புகழ் பெற்ற கண்டுபிடிப்பைச் செய்தார்.

மலைக்கு அந்தப் பக்கம் மங்களூரில், முல்லர் என்ற ஜெர்மன் பாதிரியார் 1880-ல் ஏழைகளுக்கு ஓமியோபதி மருந்து கொடுக்கத் தொடங்கினார். தொழுநோயாளிகளுக்கும் ஓர் இல்லம் ஏற்படுத்தினார். அவர் பெயரில் இன்று அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அலோபதிக் கல்லூரியும் இருக்கிறது. ஓமியோபதிக் கல்லூரியும் இருக்கிறது.

1973-ல் இந்தியப் பாராளுமன்றம் ஓமியோபதிக்கு ஒரு சட்டம் இயற்றியது. 2020-ல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. ஆக, இந்தியாவில் ஓமியோபதி சட்டப்படி நடக்கும் வைத்தியம். அதைப் படித்துப் பட்டம் பெற்றவர்கள் ஏராளம்.

சட்டம் ஏற்றுக்கொண்டது என்பது ஒன்று. நோயைக் குணப்படுத்தும் என்பது வேறு. அதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

30 என்றால் என்ன?

சல்பர் 30 என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் அல்லவா? அந்த 30 என்ன?

ஒரு சொட்டு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு 99 சொட்டுத் திரவத்தைச் சேர்த்து நன்றாகக் குலுக்குங்கள். இது முதல் முறை. அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, மறுபடி 99 சொட்டோடு சேருங்கள். இது இரண்டாம் முறை. இப்படி 30 முறை செய்தால், அதுதான் 30. 200 முறை செய்தால் அதன் பெயர் 200. எவ்வளவு கலக்கிறோமோ அவ்வளவு வீரியம் ஏறும் என்பது ஓமியோபதிக் கொள்கை. கடைசித் திரவத்தைச் சீனி உருண்டைகளின் மேல் தெளித்து விற்பார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 13-வது முறையிலேயே, உலகத்துக் கடல்கள் எல்லாவற்றிலும் ஒரு சொட்டு மருந்தைக் கலந்ததைவிட அது நீர்த்துப் போகிறது. அதற்குப் பிறகு இன்னும் 17 முறை கலக்குகிறார்கள்!

எந்தப் பொருளுக்கும் மிகச் சிறிய துணுக்கு ஒன்று உண்டு. அதற்கு மூலக்கூறு என்று பெயர். 12 முறைக்கு மேல் கலந்தால், முதலில் போட்ட பொருளின் ஒரு மூலக்கூறு கூட மிஞ்சுவது அரிது. ஆகவே, சல்பர் 30 உருண்டையில் சீனி இருக்கிறது. கந்தகம் இல்லை.

இது ஓமியோபதிக்காரர்களுக்கும் தெரிந்த கணக்குத்தான். பொருள் போனாலும் அதன் சக்தி தங்கும் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

அப்படியானால் அந்தச் சக்தி வேலை செய்கிறதா? பார்த்துவிடலாமே!

சாராயக் கடையில் நடந்த சோதனை

இந்தக் கேள்விக்கு 1835-ம் ஆண்டிலேயே ஒரு சோதனை நடந்தது. ஹானிமன் உயிரோடு இருந்த காலம் அது. நடந்த இடம், ஜெர்மனியில் உள்ள நியூரம்பர்க் நகரம்.

சாதாரண உப்பை 30 முறை கலந்து குடித்தால் உடம்பில் மாறுதல் தெரியும் என்று ஓர் ஓமியோபதி டாக்டர் சொன்னார். ஊரில் பெரிய வாதம் எழுந்தது. சரி, சோதித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். ஒரு சாராயக் கடையில் கூட்டம் கூடியது.

100 சிறு குப்பிகளை எடுத்தார்கள். அவற்றுக்கு எண் போட்டார்கள். எல்லாவற்றையும் கலைத்து, இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் வெறும் பனித் தண்ணீரை ஊற்றினார்கள். மறு பங்கில் 30 முறை கலந்த உப்பு மருந்தை ஊற்றினார்கள். எந்த எண்ணில் எது என்பதை எழுதி, காகிதத்தை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். குடிக்கிறவருக்கும் தெரியாது. கொடுக்கிறவருக்கும் தெரியாது.

3 வாரம் கழித்து எல்லோரும் மறுபடி கூடினார்கள். 50 பேர் பதில் சொன்னார்கள். 42 பேர், "எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றார்கள். 8 பேர், "ஏதோ மாறுதல் இருந்தது" என்றார்கள். முத்திரையை உடைத்துப் பார்த்தார்கள். அந்த 8 பேரில் 5 பேர் உப்பு மருந்து குடித்தவர்கள். 3 பேர் வெறும் தண்ணீர் குடித்தவர்கள்!

வெறும் தண்ணீர் குடித்தாலும் சிலருக்கு உடம்பு என்னவோ செய்கிறது. மருந்து என்று நினைத்த நினைப்புத்தான் காரணம்.

ஒரு மருந்தைச் சோதிக்க இதுவே நல்ல வழி. சல்பரையும் கிராபைட்டிசையும் ஒப்பிட்டால் போதாது. இரண்டையும் வெறும் சீனி உருண்டையோடு ஒப்பிட வேண்டும். அதில் ஜெயித்தால்தான் அது மருந்து.

தோல் நோயில் செய்த சோதனைகள்

அந்த மாதிரிச் சோதனைகள் தோல் நோய்களிலும் நடந்திருக்கின்றன. அவற்றை எல்லாம் திரட்டி, பிரிட்டிஷ் தோல் வைத்தியப் பத்திரிகை ஒன்று 2011-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. மொத்தம் 12 சோதனைகள் கிடைத்தன. 9 சோதனைகளில் ஓமியோபதி மருந்தால் பலன் தெரியவில்லை. 3 சோதனைகளில் நன்மை தெரிந்தது. ஆனால் அந்த மூன்றும் சரிவரச் செய்யப்படாத சோதனைகள்.

ஜெர்மனியில் கரப்பான் வந்த 135 குழந்தைகளைக் கவனித்து வந்தார்கள். எந்த வைத்தியம் என்பதைப் பெற்றோரே முடிவு செய்தார்கள். சிலர் ஓமியோபதி டாக்டரிடம் போனார்கள். சிலர் வழக்கமான டாக்டரிடம் போனார்கள். 2009-ல் முடிவு வெளிவந்தது. ஓமியோபதியால் கூடுதல் நன்மை இல்லை. செலவு மட்டும் கூடுதல்!

ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, 61 வகை நோய்களுக்கு நடந்த சோதனைகளைப் பார்த்தது. எந்த நோய்க்கும் ஓமியோபதி பலன் தரும் என்பதற்கு நம்பத் தகுந்த சாட்சியம் இல்லை என்று 2015-ல் அறிவித்தது. இங்கிலாந்து அரசு வைத்தியத் துறையும், ஓமியோபதி மருந்தை எழுதித் தர வேண்டாம் என்று 2017-ல் தன் டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது.

அப்படியானால் குணமாகிறதே, எப்படி?

"என்ர பையனுக்கு அதுலதான் நின்னுச்சு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பொய்யா? இல்லை. பையனுக்குக் குணமானது உண்மை. ஆனால் குணமாக்கியது எது?

தோல் நோய்களில் பல, தானாகவே வரும். தானாகவே போகும்.

குழந்தைகளுக்கு வரும் மருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டாலும், சுமார் பாதிக் குழந்தைகளுக்கு ஒன்று இரண்டு ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். உதிர்வதற்கு முந்தின மாதம் துஜா கொடுத்திருந்தால், பெயர் துஜாவுக்குப் போகும். முடி கட்டியிருந்தால் பெயர் முடிக்குப் போகும்.

திடீரென்று வரும் காணாக்கடி, பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ மறைந்துவிடும். வேர்க்குரு, மழை வந்தால் அடங்கிவிடும். கரப்பான் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். ஏறியிருக்கும்போதுதான் நாம் டாக்டரைத் தேடிப் போகிறோம். அடுத்தது இறங்கத்தான் வேண்டும்!

இன்னொரு காரணமும் உண்டு. ஓமியோபதி டாக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து நோயாளியின் குறையைக் கேட்கிறார். ஆறுதல் சொல்கிறார். மனம் அமைதி அடைந்தால் சொறிவதும் குறையும். சொறிவது குறைந்தால் புண்ணும் ஆறும். அவசர அவசரமாகச் சீட்டு எழுதும் டாக்டர்கள் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

டியூபிலும் ஆபத்து

வெள்ளை மாத்திரை வேண்டாம் என்றால், மருந்துக் கடைக்காரர் கொடுத்த டியூபைப் பூசலாமா?

கூடாது!

நம் நாட்டில் படர்தாமரை இன்று பெரிய தொல்லையாகிவிட்டது. அதற்குக் காரணங்களில் ஒன்று, அந்த டியூப்தான். அதில் ஸ்டீராய்டு என்ற கடுமையான மருந்து கலந்திருக்கும். பூசினால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். சிவப்பு மறையும். ஆனால் படர்தாமரை என்பது ஒரு பூசணம். ஸ்டீராய்டு பூசணத்தைக் கொல்லாது. அதை எதிர்க்கும் உடம்பின் பலத்தைத்தான் அடக்கும். டியூபை நிறுத்தியதும் பூசணம் இரண்டு மடங்காகப் பரவும். தோலும் மெலிந்து போகும்.

இதைத் தடுக்க, 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டது. வழக்கமான மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத ஒரு புதிய பூசணத்துக்கு, 2020-ல் விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. டிரைக்கோபைட்டான் இன்டோடினியே என்பது அதன் பெயர். நமக்குப் பெருமை தரும் பெயர் அல்ல!

ஆகவே, குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. நோய் இன்னது என்று தெரியாமல் கொடுத்தால், எந்த வைத்தியமும் தப்புத்தான்.

கண்ணுக்குத் தெரியாத பூச்சி

சரி, சரவணம்பட்டிப் பையனுக்கு வந்திருப்பது என்ன?

அவனைத் தாய் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். அங்குள்ள தோல் டாக்டர் அவன் விரல் இடுக்கைப் பார்ப்பார். மணிக்கட்டைப் பார்ப்பார். இடுப்பைப் பார்ப்பார். பிறகு இரண்டு கேள்விகள் கேட்பார்.

"ராத்திரியில் அதிகமாக அரிக்கிறதா? வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா?"

"ராத்திரிதானுங்க டாக்டர் அதிகம். எனக்கும் ஒரு வாரமா அரிக்குதுங்க. அத்தைக்கும் அரிக்குதுங்க" என்று தாய் சொல்வாள்.

இது சொறிச் சிரங்கு. ஒரு பூச்சியால் வருவது. அந்தப் பூச்சி கண்ணுக்குத் தெரிவது அரிது. பெண் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி, முட்டையிடும். பக்கத்தில் படுப்பவருக்கும் ஒட்டிக்கொள்ளும். உலகத்தில் எந்த நேரத்திலும் 20 கோடிப் பேருக்கு மேல் இந்தச் சிரங்கு இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இந்தப் பூச்சிக்கும் ஓமியோபதிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. உடம்புக்குள் இருக்கும் "சொறித் தோஷம்"தான் பெரும்பாலான நாட்பட்ட நோய்களுக்கு வேர் என்று, ஹானிமன் 1828-ல் எழுதினார். மேலே மருந்து பூசி அடக்கினால் நோய் உள்ளே போய்விடும் என்றும் சொன்னார். இன்றும் நம் வீடுகளில் பலர் இப்படிப் பேசுவதைக் கேட்கலாம்.

6 ஆண்டுகள் சென்றன. 1834-ல் பாரிஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் ரெனூச்சி என்ற மாணவர், நோயாளியின் தோலிலிருந்து ஓர் ஊசி முனையால் அந்தப் பூச்சியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அவர் கார்சிகாத் தீவைச் சேர்ந்தவர். அந்தத் தீவில் சாதாரணப் பெண்கள் இப்படிப் பூச்சி எடுப்பது வழக்கம். அதைப் பார்த்துத்தான் அவர் கற்றுக்கொண்டார். பெரிய பெரிய டாக்டர்களுக்குத் தெரியாதது, பாமரப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது!

சொறிச் சிரங்கு உள்ளே போகும் தோஷம் அல்ல. மேலே இருக்கும் பூச்சி. பூச்சியைக் கொன்றால் நோய் போய்விடும்.

கந்தகம் செய்யும் வேலை

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள்.

கந்தகம் இந்தப் பூச்சியைக் கொல்லும்! 100 பங்கு களிம்பில் 5 முதல் 10 பங்கு கந்தகம் கலந்து பூசினால், பூச்சி செத்துப் போகும். இது மிகப் பழைய மருந்து. கைக்குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும் இதை இன்றும் டாக்டர்கள் எழுதித் தருவது உண்டு. மற்றவர்களுக்குப் பெர்மெத்ரின் என்ற களிம்பைக் கொடுப்பார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் கந்தகம். டாக்டர் எழுதும் பழைய களிம்பும் கந்தகம். பெயர் ஒன்றுதான். ஆனால் களிம்பில் கந்தகம் இருக்கிறது. உருண்டையில் இல்லை. இருக்கும் கந்தகம் பூச்சியைக் கொல்கிறது. இல்லாத கந்தகம் என்ன செய்யும்?

எப்படிப் பூச வேண்டும்?

சிரங்கு மருந்தை அரிக்கிற இடத்தில் மட்டும் பூசினால் போதாது. கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதும் பூச வேண்டும். விரல் இடுக்கு, நகத்தின் அடி, தொப்புள், எதையும் விடக் கூடாது. சின்னக் குழந்தைக்குத் தலையிலும் பூசச் சொல்வார்கள். எவ்வளவு நேரம் வைத்திருப்பது, எப்பொழுது குளிப்பது என்பதை டாக்டர் சொன்னபடி செய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை பூச வேண்டியிருக்கும்.

முக்கியமான விஷயம் இன்னும் இருக்கிறது. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும். அரிப்பு இல்லாதவரும் பூச வேண்டும். பூச்சி ஏறி 4 வாரம், 6 வாரம் கழித்துத்தான் சிலருக்கு அரிப்பே தொடங்கும். ஒருவர் பூசாமல் விட்டால், அவரிடமிருந்து மறுபடி எல்லோருக்கும் வரும். "மருந்து கேட்கவில்லை" என்று சொல்லுகிறவர்களில் பலர் இந்தத் தவறைச் செய்தவர்கள்தான்.

உடுத்திய துணி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும்.

பூச்சி செத்த பிறகும் 2 வாரம், 4 வாரம் அரிப்பு இருக்கலாம். பயப்பட வேண்டாம். வேறு மருந்துக்குத் தாவவும் வேண்டாம்.

சிரங்கைச் சாதாரணமாக நினைத்து விட்டுவிடக் கூடாது. சொறிந்த புண்ணில் கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும். சில கிருமிகளால் குழந்தையின் சிறுநீரகமே கெடுவதும் உண்டு.

காத்திருக்கக் கூடாதவை

ஒரு மருவுக்காகச் சீனி உருண்டை தின்றால், போவது காசு மட்டும்தான். ஆனால் சில நோய்களில் காலம் போனால் கை கால் போகும், உயிரும் போகும். கீழே சொல்லும் குறிகளைக் கண்டால், எந்த வைத்தியத்திலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

1. தோலில் வெளுத்த அல்லது சிவந்த திட்டு. அதைத் தொட்டாலும் குத்தினாலும் உணர்ச்சி இல்லை. இது தொழுநோயாக இருக்கலாம். 1982 முதல் இதற்குக் கூட்டு மருந்து இருக்கிறது. 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் பூரண குணம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். தாமதம் செய்தால் விரல்கள் மடங்கிப் போகும். மடங்கிய பிறகு நோய் தீர்ந்தாலும், விரல் தானாக நிமிராது.

2. உதடும் முகமும் வீங்கி, மூச்சுத் திணறல். இது சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக் கூடியது.

3. காய்ச்சலோடு வேகமாகப் பரவும் சிவப்பு, வீக்கம், வலி.

4. அளவும் நிறமும் மாறி வரும் மச்சம். மாதக்கணக்கில் ஆறாத புண்.

5. புதிதாக ஒரு மருந்து சாப்பிட்ட பின் உடம்பெல்லாம் கொப்புளம், வாயில் புண்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். எல்லா ஓமியோபதி மருந்தும் வெறும் சீனி அல்ல. 1எக்ஸ், 2எக்ஸ் என்று எழுதியிருப்பவை அதிகம் கலக்கப்படாதவை. அவற்றில் பொருள் அப்படியே இருக்கும். பாஷாணம் சேர்ந்த அப்படிப்பட்ட மருந்தைச் சாப்பிட்டு 3 பேர் விஷத்தால் அவதிப்பட்டதை, மேற்கு வங்க ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் எழுதியிருக்கிறார்கள். "பக்க விளைவே இல்லை" என்ற பேச்சை நம்பி எதையும் விழுங்கக் கூடாது.

முதல் கேள்வி

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். "எந்த மருந்தைக் குடுக்கிறது?" என்று அவள் கேட்டாள். வேப்பிலை, சல்பர், கிராபைட்டிஸ், டியூப் என்று 4 பதில்கள் வந்தன. பதில் சொன்ன ஒருவரும், "இது என்ன நோய்?" என்று கேட்கவில்லை. "உனக்கும் அரிக்கிறதா?" என்று தாயைப் பார்த்தும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பாதி வைத்தியம் முடிந்திருக்கும். நன்றாகப் படித்த ஓமியோபதி டாக்டரும் அந்தக் கேள்வியைக் கேட்பார். கேட்டால், பையனைத் தோல் டாக்டரிடம் அனுப்பி வைப்பார்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது அரிப்பு வரலாம். முதலில் நோயைத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து பிறகு.

டாக்டர் சொன்னபடி வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் களிம்பு பூசிக்கொள்ளட்டும். போர்வைகள் வெயிலில் காயட்டும். ஒரு சில வாரத்தில் பையன் சொறிவதை மறந்துவிடுவான். இரவு 11 மணிக்கு அந்த வீட்டில் விளக்கு எரியாது.